'கிரிஸ்லி': கோரமா, கொடூரமா?

ஆங்கில நாளிதழ்களில் விபத்து, கொலைச் செய்திகளைப் படிப்பவர்கள் 'கிரிஸ்லி' என்ற பெயரடையைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் உடம்பு கூசும், வயிற்றைக் குமட்டும் காட்சிக்கு உரிய சொல் இது. பயம் மட்டும் இருந்தால் போதாது. இரத்தம், சிதைந்த உடல், எலும்பு என்று ஏதாவது அங்கே இருக்கும். ஒன்பான் சுவையில் அச்சமும் அருவருப்பும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் தனியாக நடப்பது பயம்தான். அதை யாரும் 'கிரிஸ்லி' என்று சொல்வதில்லை.

தமிழில் எழுதும்போதுதான் சிக்கல். எஸ்.பி.எம். மாணவர்கள் பலர் யோசிக்காமல் 'கொடூரமான' என்று போட்டுவிடுகிறார்கள். கொடூரம் என்பது செய்தவனின் குணம். கோரம் என்பது பார்ப்பவர் கண்ணில் படுவது. 'கிரிஸ்லி' இரண்டாவது வகை. கொலைக்கு இரண்டு சொல்லும் பொருந்தும். ஆனால், பிரேக் பிடிக்காமல் லாரி மோதிய விபத்தில் யாருக்குக் கொடிய எண்ணம்? அது 'கோர விபத்து'. 'கொடூர விபத்து' என்று எழுதினால், விசாரணைக்கு முன்பே ஓட்டுநர்மேல் பழி போட்ட மாதிரி ஆகிவிடும் இல்லையா?

'கிரிஸ்லி டிஸ்கவரி' என்று வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 'கொடூரமான கண்டுபிடிப்பு' என்றால் ஏதோ அணுகுண்டு மாதிரி இருக்கிறது! இங்கே பெயரடையையே விட்டுவிடலாம். 'சிதைந்த நிலையில் உடல் கண்டெடுக்கப்பட்டது' என்றாலே போதும், கோரம் தானாக வந்துவிடும்.

சிலர் 'அகோரம்' என்றும் எழுதுவார்கள். வடமொழியில் அதற்குக் 'கோரம் இல்லாதது' என்றே பொருள். சிவனின் ஐந்து முகங்களில் ஒன்றுக்கு அந்தப் பெயர். நம் பேச்சில் அது தலைகீழாக மாறி, 'அகோரப் பசி' என்று மிகுதியைக் காட்டுகிறது. தேர்வில் 'கோரம்' என்றே எழுதுங்கள்.

எழுத்துக்கூட்டலிலும் ஒரு பொறி உண்டு. வட அமெரிக்காவின் 'கிரிஸ்லி' கரடியும் இதே உச்சரிப்புதான். ஆனால் அதற்கு இரண்டு 'இஸட்' வரும். நம் சொல்லுக்கு ஒரே ஒரு 'எஸ்'. கரடியின் பெயர், ரோமத்தின் நுனி நரைத்தாற்போல இருப்பதால் வந்தது. வேர்ச்சொல்லே வேறு. இருந்தாலும் 1815இல் ஜார்ஜ் ஆர்ட் அந்தக் கரடிக்கு வைத்த அறிவியல் பெயரில் 'ஹாரிபிலிஸ்', அதாவது 'பயங்கரமான', என்ற சொல் இருக்கிறது. நரைத்த கரடி பயங்கரக் கரடியாகிவிட்டது, பாவம்.