பழுதுற்ற நாஸ் கருவியும் தரவு மீட்பு முறையும்

சுவடிகளைத் தேடித் தொகுத்த காலத்தில் தமிழாய்வுக்குப் பகையாய் நின்றவை செல்லும் ஈரமும் நெருப்பும் ஆகும். இக்காலத்து ஆய்வாளர் தம் மூலங்களை ஏட்டில் மட்டும் வைத்திலர். சுவடிகளின் ஒளிப்படங்கள், கள ஆய்வில் எடுத்த ஒலிப்பதிவுகள், சொல்லடைவுகள், பதிப்பு வரைவுகள் முதலியன வன்தட்டுகளில் சேமிக்கப்பெறுகின்றன. வன்தட்டு ஒன்றையோ பலவற்றையோ ஒரு சிறு பெட்டியில் அடக்கி, வீட்டிலுள்ள கணினிகள் யாவும் வலையமைப்பின் வழியே பயன்கொள்ளுமாறு செய்யும் கருவியை நாஸ் என வழங்குவர். அக்கருவி ஒருநாள் இயங்காது நின்றுவிடின் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்கு நூலறிவின் அளவில் எழுந்ததன்று. என் வீட்டிலிருந்த இரு தட்டு நாஸ் கருவி ஒரு மழைநாள் இரவில் மின்தடைக்குப் பின் இயங்கவில்லை. பல ஆண்டுகளாகச் சிற்றூர்கள்தோறும் சென்று பதிவு செய்த ஒப்பாரிப் பாடல்கள் அதனுள் இருந்தன. பாடிய மூதாட்டியருள் பலர் இன்று இலர். ஆதலின் மீண்டும் சென்று பதிவு செய்தற்கு வழியில்லை. பழுது பார்க்கும் கடையொன்றில், தட்டுகளைப் புதிய பெட்டியில் பொருத்திப் புதிதாகத் தொடங்குமாறு கட்டளையிட்டால் போதும் என்றனர். அவ்வறிவுரையை நான் ஏற்றிருப்பின், கருவியின் பழுதுக்குத் தப்பிய பாடல்கள் என் கையாலேயே அழிந்திருக்கக்கூடும். கருவி பழுதுறுதல் வேறு, தரவு அழிதல் வேறு என்னும் தெளிவே மீட்பின் முதற்படி என்பதை அன்று உணர்ந்தேன்.

1. கருவியின் அமைப்பு

நாஸ் என்பது திரையும் விசைப்பலகையும் அற்ற ஒரு சிறு கணினியே. வீடுகளில் பயன்படுவனவற்றுள் பல லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படையில் அமைந்தவை. அவற்றில் தரவு அடுக்கடுக்காக வைக்கப்பெறுகின்றது. அடியில் இருப்பது வன்தட்டு. அதன் பகுப்புகள் அடுத்த அடுக்கு. பல தட்டுகளின் பகுப்புகளை ஒன்றாக இணைக்கும் ரெயிடு அணி அதற்கு மேலது. அதன்மேல் எல்விஎம் என்னும் பங்கீட்டு அடுக்கு அமைதலும் உண்டு. முடிவில் எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமை நிற்கும். கீழிருந்து மேலாக ஒவ்வோர் அடுக்கையும் முறையே திறந்தாலன்றிக் கோப்புகள் தோன்றா.

விண்டோஸ் இயங்குதளம் இவ்வடுக்குகளைத் தானாக அறிந்து திறப்பதில்லை. நாஸ் கருவியிலிருந்து எடுத்த தட்டை அத்தகைய கணினியில் இணைப்பின், தட்டைத் தொடக்கநிலைப்படுத்தவோ வடிவமைக்கவோ வேண்டுமா என்னும் வினா தோன்றும். தட்டு வெறுமையாக உள்ளது என்பது அதன் பொருளன்று. தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதே பொருள். வட்டெழுத்து அறியாதவன் கல்வெட்டைக் கண்டு அதில் எழுத்தே இல்லை என்றல் போன்றது அது. அவ்வினாவுக்கு ஒருபோதும் உடன்படலாகாது.

2. ரெயிடு அணியின் இயல்பு

பல சிறு தட்டுகளை ஒரு பெருந்தட்டுப்போல் இயங்கச் செய்யும் முறைகளை டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்னும் மூவரும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் வகைப்படுத்தினர். ரெயிடு என்னும் பெயர் அக்கட்டுரையால் பரவியது. அவர்கள் கூறியவை ஐந்து நிலைகள். 0, 6 என்பன பின்னர் வழக்கிற்கு வந்தவை.

நிலை 0இல் தரவு துண்டுதுண்டாகத் தட்டுகளிடையே பகிரப்பெறும். ஒரு தட்டுப் போயினும் அணி முழுதும் குலையும். நிலை 1இல் ஒரே தரவு இரு தட்டுகளிலும் எழுதப்பெறும். நிலை 5இல் துண்டுகளோடு பாரிட்டி எனப்படும் சரிபார்ப்பு எண்ணும் தட்டுகளில் முறைமாற்றி வைக்கப்பெறும்; எனவே ஒரு தட்டின் இழப்பை அவ்வணி தாங்கும். நிலை 6 இரு தட்டுகளின் இழப்பைத் தாங்கும்.

நிலை 5இன் நுட்பம் எளியது. மூன்று தட்டுகளில் ஒரு நிரையைக் கொள்வோம். முதல் தட்டில் 1, இரண்டாவதில் 0 என இருப்பின், நிரையிலுள்ள 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகுமாறு மூன்றாவதில் 1 எழுதப்பெறும். இரண்டாம் தட்டு அழிந்தால், எஞ்சிய இரண்டிலும் 1 உள்ளமையின் அழிந்தது 0 என்பது பெறப்படும். இஃது ஊகமன்று, கணக்கு. ஆயினும் தட்டுகளின் வரிசை, துண்டின் அளவு, பாரிட்டி இடம் மாறும் முறை ஆகிய மூன்றும் சரியாகத் தெரிந்தாலன்றிக் கணக்குப் பயன்தராது. இதழெண் அழிந்த ஏடுகளைக் கலைத்து அடுக்கினால் ஒவ்வோர் ஏடும் நலமாயிருந்தும் நூல் கிட்டாமை போன்றதே இது.

3. மீட்பின் படிநிலைகள்

முதற்கண் செய்ய வேண்டுவது நிறுத்துதல். மின்னிணைப்பை நீக்கி, எத்தட்டு எந்த அறையில் இருந்தது என்பதையும் ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் தாளில் குறித்தல் வேண்டும். பின்னர் மின் அடாப்டரை ஐயுறுக. தட்டுகள் பழுதின்றி அடாப்டர் மட்டும் கெடுதலும் உண்டு. அதே மின்னழுத்தமும் அதே முனைப்போக்கும் போதிய மின்னோட்டமும் உடைய வேறோர் அடாப்டரைக் கொண்டு சோதிக்கலாம். அச்சோதனையின்போது தட்டுகளைக் கழற்றி வைத்தலே காப்பானது.

பெட்டியே பழுது எனின், தட்டுகளைச் சாட்டா இணைப்பின் வழியாகவோ யூஎஸ்பி இணைப்பின் வழியாகவோ லினக்ஸ் இயங்கும் கணினியில் இணைக்கலாம். கணினியில் லினக்ஸ் நிறுவியிருத்தல் கட்டாயமன்று; பென் டிரைவிலிருந்தே அதனை இயக்குதல் கூடும். இணைத்தவுடன் தட்டின் உடல்நிலையை ஸ்மார்ட் குறிப்புகளால் அறிக. படிக்கவியலாது நிலுவையில் உள்ள பகுதிகளின் எண்ணிக்கை ஈண்டுக் கருதத்தக்கது. தட்டு தட்டென ஒலித்தாலோ சுழலாது நின்றாலோ அக்கணமே மின்னிணைப்பை நீக்குதல் வேண்டும். தூசியற்ற அறையில் தட்டைத் திறந்து பணிபுரியும் வல்லுநர்க்கே அது உரியது.

இரண்டாவது, படியெடுத்தல். மீட்பு முயற்சிகள் யாவும் படியின்மேல் நிகழ வேண்டுமேயன்றி மூலத்தின்மேல் நிகழலாகாது. இதற்கு உதவுவது ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்னும் நிரல். இது எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, இடர்ப்பட்ட பகுதிகளுக்குப் பின்னர் மீள்கின்றது; எப்பகுதி படிக்கப்பட்டது, எப்பகுதி படிக்கப்படவில்லை என்பதை வரைபடக் கோப்பு ஒன்றில் பதிந்துகொண்டே செல்கின்றது. 4 டெராபைட் தட்டு ஒன்றை வினாடிக்கு 150 மெகாபைட் வீதம் படித்தால் ஏறத்தாழ ஏழரை மணிநேரம் ஆகும். நலிந்த தட்டாயின் நாட்கணக்கில் நீளலாம். பொறுமை ஈண்டு இன்றியமையாதது.

மூன்றாவது, அணியை அடையாளங்காணல். எம்டிஆட்ம் என்னும் நிரலால் படியை ஆராயின், ஒவ்வொரு தட்டும் தன்னுள் தாங்கியுள்ள சூப்பர்பிளாக் என்னும் குறிப்பு வெளிப்படும். எவ்வணியைச் சார்ந்தது, எத்தனையாவது உறுப்பு, துண்டின் அளவு யாது என்பன அதில் உள. நிகழ்வெண் என ஒன்றும் அதில் உண்டு. அணியின் நிலை மாறுந்தோறும் அது உயரும். இரு தட்டுகளில் ஒன்றன் நிகழ்வெண் மிகக் குறைந்திருப்பின், அத்தட்டு முன்னரே அணியினின்று விலகிவிட்டது என்றும், அதிலுள்ளது பழைய படி என்றும் அறியலாம். இக்குறிப்புகளைக் கொண்டு அணியைப் படிப்பு நிலையில் மட்டும் இணைத்தல் வேண்டும். இணைக்கும் கட்டளை வேறு, உருவாக்கும் கட்டளை வேறு. பின்னதைத் தவறாக இட்டால் பழைய குறிப்பின்மேல் புதிய குறிப்பு எழுதப்பெறும்.

நான்காவது, கோப்பு முறைமையைத் திறத்தல். எக்ஸ்ட்4 முறைமையைப் படிப்பு நிலையில் திறந்தாலும், முற்றுப்பெறாத பதிவேட்டை நிறைவு செய்தற்பொருட்டு அது எழுத முற்படும். அதனைத் தடுக்கும் குறிப்பையும் சேர்த்தே திறத்தல் வேண்டும். கருவிதோறும் சிறு வேறுபாடுகள் உண்டு. சான்றாக, வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் கருவி 64 கிலோபைட் தொகுதிகளைக் கொண்ட எக்ஸ்ட்4 முறைமையைக் கையாண்டது. 4 கிலோபைட் அளவைப் பின்பற்றிய வழக்கமான கணினிகளில் அது நேரே திறக்கவில்லை. டிபக்எஃப்எஸ் போன்ற தனி நிரல்களால் கோப்புகளை வெளிக்கொணர நேர்ந்தது. திறவாமை அழிவுக்குச் சான்றாகாது என்பதற்கு இஃதொரு நல்ல எடுத்துக்காட்டு. மறைகுறியாக்கம் செய்த தட்டாயின் அதன் திறவுகோல் இன்றி எம்முயற்சியும் பயன்தராது.

கோப்பு முறைமையே சிதைந்திருப்பின் போட்டோரெக் போன்ற நிரல்கள், கோப்புகளின் தொடக்க அடையாளங்களைக் கொண்டு உள்ளடக்கத்தைத் தேடி எடுக்கும். ஆனால் பெயரும் அடைவும் கிட்டா. நூற்பெயர் சுட்டும் ஏடு இல்லாத சுவடிக் குவியலை வகைப்படுத்தும் உழைப்பு அப்போது வேண்டப்படும்.

4. விடுபாடும் அதன் குறிப்பும்

என் கருவியின் தட்டுகளைப் படியெடுத்து ஆராய்ந்தபோது இரு செய்திகள் புலனாயின. ஒரு தட்டு சில திங்கள் முன்னரே அணியினின்று விலகியிருந்தது. கருவி அளித்திருக்கக்கூடிய எச்சரிக்கையை நான் நோக்கவில்லை. மற்றைத் தட்டில் சில பகுதிகள் படிக்கவியலாதிருந்தன. ஆகவே பழையதாயினும் முழுமையான படி ஒன்று, புதியதாயினும் சிதைவுடைய படி ஒன்று என இரு படிகள் கைவந்தன. இவற்றை ஒப்புநோக்கியதில் பெரும்பாலான பாடல்கள் முழுமையாகக் கிடைத்தன. தட்டு விலகிய பின்னர்ப் பதிவு செய்த மூன்று பாடல்களுக்கு மட்டும் சிதைவுடைய படியே சான்று. அவற்றுள் ஒன்றில் ஒன்பது வினாடி இல்லை.

இவ்வொன்பது வினாடியே எனக்குப் பெரிதும் கற்பித்தது. படிக்கவியலாத பகுதி புதிய படியில் வெறும் சுழியங்களாக நிற்கின்றது. ஒலிப்பதிவில் அது மௌனமாகவே கேட்கும். ஒப்பாரியில் பாடுவோர் விம்மி நிறுத்துதல் இயல்பு. குறிப்பு இல்லையேல், பின்வரும் ஆய்வாளர் இவ்விடைவெளியையும் பாடியவரின் துயர நிறுத்தம் எனக் கொண்டு அதற்கு விளக்கமும் எழுதக்கூடும். இதனைத் தவிர்க்க டிடிரெஸ்க்யூ நிரலிலேயே வழி உண்டு. வரைபடக் கோப்பின் துணையால், படிக்கவியலாத பகுதிகளை மட்டும் ஒரு தனிச்சொல்லால் நிரப்புமாறு மற்றொரு படியில் கட்டளையிட்டு, அச்சொல் எக்கோப்புகளில் உளது எனத் தேடலாம். சிதைந்த கோப்புகள் இவை எனத் திட்டமாகத் தெரியும்.

புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைத்தில. அவ்வெண்கள் வெற்றிடமாக நிற்பதனாலேயே இழப்பின் இடமும் அளவும் நமக்குத் தெரிகின்றன. எஞ்சிய பாடல்களை இடைவெளியின்றி எண்ணிட்டிருப்பின் நூல் நிறைவுடையதுபோல் தோன்றும், உண்மை மறையும். தரவு மீட்பிலும் இழந்ததை இழந்தது எனக் குறித்தல் மீட்டதைக் காத்தலினும் தாழ்ந்த கடமையன்று.

5. அணியும் காப்புப்படியும்

ரெயிடு அணி இருத்தலால் காப்புப்படி வேண்டா எனக் கருதுவோர் உளர். இக்கருத்துப் பொருந்தாது. அணி காப்பது தட்டின் பழுதிலிருந்து மட்டுமே. ஒரு கோப்பைத் தவறாக அழிப்பின் இரு தட்டுகளிலும் ஒருங்கே அழியும். 2021ஆம் ஆண்டு சூன் திங்களில், இணையத்தில் இணைந்திருந்த மை புக் லைவ் கருவிகள் பலவற்றின் தரவு, தொலைவிலிருந்து ஏவப்பெற்ற கட்டளையால் துடைக்கப்பெற்றது. தட்டுகளில் பழுதில்லை, தரவு மட்டுமே போயிற்று. ஆகவே மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், ஒரு படி வேறிடத்தில் என்னும் நெறியை வல்லுநர் வற்புறுத்துகின்றனர். வேறிடம் என்பதற்குத் துறையின் நூலகமோ உடன்பணிபுரிவார் இல்லமோ போதும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்படியைத் திறந்து படித்துப் பார்த்தலும் வேண்டும். திறந்து பாராத படி, உண்டோ இல்லையோ என்னும் ஐயத்துக்கே உரியது.

இதுகாறும் கூறியவற்றால், நாஸ் கருவியின் பழுது தரவின் முடிவன்று என்பதும், மூலத்தில் எழுதாது படியெடுத்து, அணியின் குறிப்புகளை அறிந்து, படிப்பு நிலையில் திறப்பதே நெறி என்பதும், மீளாத பகுதியை மறையாது குறித்தல் வேண்டும் என்பதும் விளங்கும். மேற்சொன்ன ஒப்பாரியின் எழுத்துப்படியில் அவ்விடத்தை, 'ஒன்பது வினாடி தட்டுச் சிதைவால் இல்லை. பாடியவர் நிறுத்தியது அன்று' எனக் குறித்துள்ளேன்.