கிணற்றுக்குள் இறங்கும் மாத்திரை



நொதி என்றதும் நமக்கு எச்சில்தான் ஞாபகம் வரும். மூளையிலும் ஒரு நொதி இருக்கு. பேரைச் சொன்னாலே மூச்சு வாங்கும்: அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ்.

ஒரு நரம்பு செல் பக்கத்து செல்லுக்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அனுப்புகிறது. சேதி சேர்ந்ததும் அதை உடைத்துப் போடுவது இந்த நொதியின் வேலை. ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை ஒரே நொதி உடைத்துவிடும்! உடைக்காமல் விட்டாலும் ஆபத்துதான். சில பூச்சிக்கொல்லிகள் இந்த நொதியைப் பிடித்தால் விடவே விடாது, அதனால்தான் அவை விஷம். வயலுக்கு மருந்தடிக்கப் போகிற அப்பா, சித்தப்பா மூக்கில் துணி கட்டாமல் போனால் விடாதீங்க.

1906-இல் ஜெர்மனி டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் ஒரு மறதி நோயைப் பற்றிச் சொன்னார். அதில் அசிட்டைல்கோலின் தயாரிக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். பெத்த பிள்ளையையே "நீ யாருப்பா?" என்று கேட்பார்கள். நாம "வயசாயிடுச்சு, அப்படித்தான்"னு விட்டுடுறோம். அது வயசு இல்லை, நோய். மிச்சமிருக்கும் அசிட்டைல்கோலினையும் நொதி உடைத்துவிட்டால் என்ன ஆகும்? அதனால் நொதியைக் கொஞ்சம் தடுத்து வைக்கணும்.

தடுக்க அதன் வடிவம் தெரியணுமே! 1991-இல் இஸ்ரேல் நாட்டின் வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தில் ஜோயல் சஸ்மன், இஸ்ரேல் சில்மன் (இவர் பேரே இஸ்ரேல்தான்!) குழுவினர் அதைக் கண்டுபிடித்தார்கள். எதிலிருந்து தெரியுமா? ஷாக் அடிக்கும் திருக்கை மீனிலிருந்து! அதன் மின்சார உறுப்பில் இந்த நொதி ஏராளம். அதைப் பிரித்து, கற்கண்டு மாதிரி படிகமாக்கி, எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். உடைக்கும் இடம் மேலே இல்லை. ஒரு குறுகலான கிணற்றின் அடியில் இருந்தது! ஆழம் 2 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு.

டோனெபெசில் என்ற மாத்திரையை ஜப்பானில் ஹச்சிரோ சுகிமோட்டோ குழு உருவாக்கியது. அவருடைய அம்மாவுக்கே மறதி நோய் இருந்ததாம். அந்தக் குழு வேலையை ஆரம்பித்தபோது கிணற்றின் படம் கிடையாது. மூலக்கூறை மாத்தி மாத்திச் செய்து பார்த்தே கண்டுபிடித்தார்கள். 1996-இல் அமெரிக்கா அனுமதித்தது. 1999-இல் படம் எடுத்தபோது, கிணற்று வாயிலிருந்து அடிவரை கயிறு விட்ட மாதிரி அது நீண்டு கிடந்தது. பூச்சிக்கொல்லி போல ஒட்டிக்கொள்ளாமல், பிடித்துப் பிடித்து விடுகிறது.

கிணற்றுக்கு வாயும் அடியும் உண்டு என்று தெரிந்ததும், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் புது மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டரிலேயே வரைய ஆரம்பித்தார்கள். டாக்ரின் என்ற பழைய மருந்து இரண்டைச் சங்கிலியால் கட்டியது அப்படி ஒன்று. ஆய்வகத்தில் ரொம்ப வலுவாக வேலை செய்தது, ஆனால் மாத்திரையாகக் கடைக்கு வரவில்லை.

டோனெபெசில் நோயைக் குணமாக்காது. செல்கள் சாவதும் நிற்காது. கொஞ்ச காலம் ஞாபகத்தைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். குடலிலும் இதயத்திலும் இதே அசிட்டைல்கோலின் வேலை செய்வதால், சிலருக்கு வாந்தி, பேதி வரும். நாடித்துடிப்பும் குறையலாம். அதனால் டாக்டர் முதலில் குறைந்த அளவே கொடுத்துப் பார்ப்பார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி