இலவசமாய்க் கொடுத்த பாட்டு

இங்கிலாந்திலே ஷெஃபீல்டு, கத்தி கரண்டிகளுக்குப் பேர்போன ஊர். 2001-ம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு அங்கே இரண்டு வீடுகளில் பிள்ளைகளுக்கு கிதார் வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறம் அந்த வீடுகளில் நிம்மதி இருந்ததா என்று கேட்காதீர்கள்! அலெக்ஸ் டர்னர், ஜேமி குக் என்ற அந்தப் பையன்கள் சிநேகிதர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு 'ஆர்க்டிக் மங்கீஸ்' என்று ஒரு கோஷ்டி அமைத்தார்கள். மாட் ஹெல்டர்ஸுக்கு மிஞ்சியது டிரம் ஒன்றுதான், அதையே எடுத்துக்கொண்டார்.

டர்னரின் தாய், தந்தை இருவருமே ஆசிரியர்கள். பிள்ளை படிப்பை ஒரு வருஷம் தள்ளிப் போடுகிறேன் என்றபோது, அரை மனதாகத்தான் சம்மதித்தார்கள்.

பையன்களோ பாட்டுக்களைப் பதிவு செய்து, கச்சேரிக்கு வந்தவர்களுக்கெல்லாம் தட்டுகளைச் சும்மா கொடுத்தார்கள்! ரசிகர்கள் அவற்றை இன்டர்நெட்டில் பரப்பினார்கள். ஆல்பம் வருமுன்பே கச்சேரியில் கூட்டம் முழுதும் கூடச் சேர்ந்து பாடிற்று. சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்றுதானே நமக்குத் தோன்றும்?

2005-ல் அவர்கள் சேர்ந்தது 'டாமினோ' என்ற சிறிய கம்பெனியில்; 1993-ல் லண்டனில் ஒரு வீட்டிலிருந்து ஆரம்பித்தது அது. 'ஊரார் சொல்கிற ஆள் நானில்லை' என்று பொருள்படும் நீளமான பேருடன், முதல் ஆல்பம் 2006 ஜனவரி 23-ந் தேதி வெளியாயிற்று. முதல் வாரத்திலேயே 3,63,735 பிரதிகள்! பிரிட்டனில் அதுவரை எந்தக் கோஷ்டியின் முதல் ஆல்பமும் அத்தனை வேகமாக விற்றதில்லை.

மேலட்டையில் சிகரெட்டும் கையுமாக ஒரு சிநேகிதரின் படம். ஸ்காட்லாந்து சுகாதார அதிகாரி ஒருவர் அதைக் கண்டித்தார். அந்த விஷயத்தில் நம் வீட்டுத் தாய்மார்கள் அதிகாரி பக்கந்தான்!