ஓடிய மறுநாள்

முதன்முதலாக ஓடப் புகுந்தவர்க்கு முதல் நாள் பெரும்பாலும் இனிய நாளாகவே அமைகிறது. மூச்சு வாங்கும், வியர்வை ஒழுகும், ஆயினும் உடல் இலேசானது போன்ற ஓர் உணர்வு மாலை வரை நீடிக்கும். வேதனை மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. எழுந்து நின்றால் தொடை பிடித்துக்கொள்கிறது. கெண்டைக்கால் கல்லாய்க் கனக்கிறது. மாடிப்படியில் எப்படியோ ஏறிவிடலாம்; இறங்குவதுதான் பெரும்பாடு.

எங்கள் தெருவில் கல்லூரியில் பயிலும் பெண் ஒருத்தி, சென்ற ஆண்டு இந்த நிலையில் என்னிடம் வந்தாள். காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகத் தொடங்கியவள், முதல் நாளே மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டாள். மூன்றாம் நாள் காலை, திண்ணையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே, "ஐயா, கால் நரம்பு கெட்டுவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு ஓட்டம் ஒத்துவராது போலிருக்கிறது. விட்டுவிடட்டுமா?" என்று கேட்டாள்.

மாணவச் செல்வங்களே, இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ ஓட்டத்தைக் கைவிட்டவர் பலரை நான் பள்ளியில் கண்டிருக்கிறேன். அவர்களை விரட்டியது சோம்பல் அன்று. இந்த வலியும், இதைப் பற்றிய தவறான எண்ணமுமே. அந்தத் தவற்றில் எனக்கும் பங்குண்டு. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், விளையாட்டு விழாவுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் நாள் நன்றாக ஓடிய மாணவன் ஒருவன், இரண்டாம் நாள் மைதானத்தின் ஓரமாக ஒதுங்கி நின்றான். "தொடை வலிக்கிறது, சார்" என்றான். அதைச் சாக்கு என்று கருதினேன். "ஓடினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி, மற்றவரை விட இரண்டு சுற்று கூடுதலாக ஓடவைத்தேன். அதன்பின் அவன் மைதானத்துக்கு வரவே இல்லை. தசையில் பால் அமிலம் தேங்கி நிற்கிறது, மேலும் ஓடினால் அது கரைந்துபோகும் என்பது அன்று என் குறிப்பேட்டில் இருந்த பாடம். தேர்வில் எனக்கு நல்ல மதிப்பெண் வாங்கித் தந்த பாடமும் அதுவே!

பால் அமிலம் என்ற எண்ணம் காரணமின்றி எழுந்ததன்று. 1907ஆம் ஆண்டில் பிளெட்சர், ஹாப்கின்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் தவளையின் தசையை ஆராய்ந்து, களைத்த தசையில் இவ்வமிலம் சேர்கிறது என்று காட்டினர். களைப்புக்குப் பொருந்திய விளக்கத்தை மறுநாள் வலிக்கும் பிறர் நீட்டிக்கொண்டனர். ஆனால் விரைந்து ஓடும்போது இரத்தத்தில் கூடும் இப்பொருள், ஓட்டம் நின்று ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. உடல் அதை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கிறது. திங்கட்கிழமை மாலையே மறைந்துவிட்ட ஒன்று, புதன்கிழமை காலையில் எவ்வாறு வலியை உண்டாக்கும்?

1983இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நகரும் பட்டையின் மீது 45 நிமிடம் ஓடச் செய்தனர். சமதளமாக ஓடியபோது இரத்தத்தில் பால் அமிலம் கூடியது; மறுநாள் வலி பெரிதாக இல்லை. கீழ்நோக்கிய சரிவில் ஓடியபோது அமிலம் கூடவில்லை. வலியோ நன்றாக வந்தது. இதில் வியப்பு என்னவென்றால், உண்மைக் காரணத்தை ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். தியோடர் ஹஃப் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர், தாமதித்து வரும் இவ்வலி வெறும் களைப்பன்று, தசையினுள் நேரும் கிழிவுகளே இதற்குக் காரணம் என்று 1902லேயே எழுதியிருந்தார். என் குறிப்பேட்டுக்கு அச்செய்தி வந்து சேரவில்லை.

சரிவில் இறங்கும்போது தசை செய்யும் வேலை எத்தகையது? பாரவண்டி மேட்டில் ஏறும்போது காளைகள் அதை இழுக்கின்றன. அதே வண்டி சரிவில் இறங்கும்போது, அது தம்மை மீறி உருண்டோடாதபடி கழுத்தைக் கொடுத்துத் தாங்கிப் பிடிக்கின்றன. நம் தசைக்கும் இவ்விரண்டு வேலைகளும் உண்டு. படியேறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போதோ, அதே தசை இறுகி நின்றபடியே நீட்சி அடைந்து, உடலின் பாரத்தை மெல்லக் கீழே விடுகிறது. பழக்கமில்லாத இழைகள் நுண்ணிய அளவில் சிதைவது இந்த இரண்டாவது வேலையில்தான். பழனி மலைக்குச் சென்று வந்தவர்கள், ஏறிய களைப்பு என்று சொல்லித் தொடையைத் தடவிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். மறுநாள் அவர்களை வாட்டுவது பெரும்பாலும் இறங்கிய வேலையே.

சமதளத்தில் ஓடினாலும் ஒவ்வோர் அடியிலும் இந்தத் தாங்கும் வேலை உண்டு. கால் தரையில் பதியும் கணத்தில் முழங்கால் சற்று மடங்க, முன்தொடை உடலைத் தாங்கிக்கொள்கிறது. ஓட்டமே புதிதான காலுக்கு அதுவே போதும். சிதைந்த இடத்தைச் செப்பனிட உடல் முனையும்போது அங்கே நீர் கோக்கிறது, வேதிப்பொருள்கள் ஊறுகின்றன, நரம்பு முனைகள் கூருணர்வு பெறுகின்றன. இவையெல்லாம் நடந்தேற நேரம் வேண்டும். ஆதலால்தான் வலி 12 மணி நேரம் கழித்து மெல்லத் தலைகாட்டி, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்தை அடைந்து, ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் நீங்கிவிடுகிறது. செப்பனிட்ட தசை முன்னிலும் உறுதியாகிறது. அதே ஓட்டத்தை இரண்டு வாரம் கழித்து ஓடினால், வலி முதல் முறையை விட நன்றாகக் குறைந்திருக்கும். இஃது எவர்க்கும் பொது. பயில்வானாயினும், பழகாத வேலையை முதலில் செய்தால் வலி வரவே செய்யும்.

வலி வந்தபின் என்ன செய்வது? ஓடாதீர்கள், படுத்தும் கிடக்காதீர்கள். மெல்ல நடந்தால் இறுக்கம் சற்றுத் தளரும். எண்ணெய் தேய்த்து இதமாக உருவுவதும் வெந்நீரில் குளிப்பதும் ஆறுதல் தரும்; ஆயின் அவை இழையைத் தைத்துவிடா. ஓடுமுன் கைகாலை நீட்டி வளைத்தால் வலி வராது என்று நாங்கள் மாணவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னோம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த மதிப்பீடு, அதனால் குறையும் வலி நூறு புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ அரைப் புள்ளியே என்கிறது! கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஓடுவது இவை எல்லாவற்றிலும் கெடுதியானது. அது வயிற்றைப் புண்ணாக்கும். உடலில் நீர் வற்றியிருக்கையில் சிறுநீரகத்தையும் வாட்டும்.

இனி, எல்லா வலியும் இவ்வகையினது என்று எண்ணிவிடலாகாது. இந்த வலி இரு கால்களிலும், தசை முழுதும் பரவி, தொட்டாலும் அசைத்தாலும் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருக்கென்று ஓரிடத்தில் தைப்பது, ஒரு காலில் மட்டும் வீங்குவது, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மீது விரல் வைத்த இடத்தில் வலிப்பது, நாளுக்கு நாள் மிகுவது ஆகியவை காயத்தின் அடையாளங்கள். அவற்றை மருத்துவரிடம் காட்டவேண்டும். கடுமையான வலியுடன் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கினால், ஒரு மணி நேரமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தசை மிகுதியாகச் சிதைந்து, அதிலிருந்து கசியும் பொருள் சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. அளவு மீறி விரட்டப்பட்ட புதியவர்க்கு இந்த ஆபத்து உண்டு. உடற்பயிற்சி ஆசிரியர்கள் இதனை அறிந்திருப்பது கட்டாயம் என்பது என் கருத்து. தண்டனையாக நூறு தோப்புக்கரணம் போடச் சொல்பவர்களும் அறிந்திருந்தால் நன்று.

அந்தப் பெண்ணுக்கு இவற்றை விளக்கிச் சொல்லி, நான்கு நாள் நடக்க மட்டும் சொன்னேன். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என மாறி மாறி இருபது நிமிடம். அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஏரிக்கரைச் சரிவைத் தவிர்த்துச் சமமான நிலத்தில். இரண்டாம் வாரத்தில் ஓட்டத்தை ஒன்றரை நிமிடமாக உயர்த்தினாள். மாதம் ஒன்று கழித்து வந்தபோது திண்ணையில் இயல்பாக அமர்ந்து, வேறொரு கேள்வி கேட்டாள்: "தேர்வுக்கு முந்திய நாள் முழு வேகத்தில் ஒருமுறை ஓடிப் பார்த்துக்கொள்ளலாமா, ஐயா?"

கூடாது என்றேன். பழகாத கடும் ஓட்டம் எதுவாயினும் அதன் வலி இரண்டாம் நாளில்தான் முற்றும். அந்நாளில் தசையின் வலுவும் குறைந்தே இருக்கும். அத்தகைய முயற்சியைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னரே முடித்துக்கொண்டு, கடைசி மூன்று நாட்களில் பழகிய ஓட்டத்தையே பாதியளவில் ஓடச் சொன்னேன். நாட்காட்டியை எடுத்து வரச் சொல்லி, அந்த நாட்களை அவளே பென்சிலால் குறித்துக்கொண்டாள்.