பல்கருக் கணிப்பொறியும் கோப்புகளின் காத்திருப்பும்

நம் துறையின் பழைய மலர்களையும் கையெழுத்து இதழ்களையும் படமெடுத்துக் கணிப்பொறியில் சேர்க்கும் பணியை நாம் மேற்கொண்டபோது, பக்கப் படங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. அவற்றைச் சுருக்கிப் பெயரிட்டு வேறிடத்தில் எழுதி வைக்கும் வேலை இரவெல்லாம் நீண்டது. நான்கு கருக்கள் கொண்ட எந்திரம் போதவில்லை; முப்பத்திரண்டு கருக்கள் கொண்ட எந்திரம் வாய்த்தால் எட்டு மடங்கு விரைவில் முடியும் என்று கணக்கிட்டோம். அதற்கு உதவ ஊர்ப் பெரியவர் இருவர் மனமுவந்து முன்வந்தனர். பின்னர் நாமே அவ்வேண்டுகோளைத் திரும்பப் பெற்றோம். காரணம் யாதென அவர்கள் வினவியபோது இரண்டு வரியில் விடை கூற இயலவில்லை. அவ்விடையை விரித்துரைப்பதே இக்கட்டுரை.

கோர் என்று கடைகளில் வழங்கும் சொல்லையே நாம் ‘கரு’ என்கின்றோம். ஒரு கரு என்பது கட்டளைகளைத் தானே படித்துச் செய்யவல்ல முழுமையான செயலியாகும். முன்னாளில் ஒரு சில்லில் ஒரு கருவே இருந்தது. அதன் துடிப்பு வேகத்தைக் கூட்டிக் கூட்டியே கணிப்பொறியை விரைவாக்கினர். துடிப்பு மிக மிக வெப்பமும் மிகுந்தது. அவ்வழி அடைபடவே, ஒரு சில்லில் பல கருக்களை அமைக்கத் தலைப்பட்டனர். 2001-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பவர்4 சில்லு இரு கருக்களுடன் வெளிவந்தது. 2005-இல் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் மேசைக் கணிப்பொறிக்கும் அவ்வமைப்பைக் கொணர்ந்தன. ஆள் கூடினால் வேலை விரையும் என்பதே எல்லோரது எதிர்பார்ப்பும்.

இனிக் கோப்பு முறைமை என்பது யாதெனக் காண்போம். தட்டு என்பது எண்ணிட்ட கட்டங்களின் பெருந்தொகுதி. அதற்குப் பெயரும் தெரியாது, கோப்புறையும் தெரியாது. இன்ன பெயருடைய கோப்பு இன்னின்ன கட்டங்களில் உள்ளது என்னும் பேரேட்டை எழுதிக் காப்பதே கோப்பு முறைமையின் தொழில். அப்பேரேட்டில் அடிக்கடி புரட்டப்படும் பக்கங்களை, இயக்க முறைமையின் மையப் பகுதியாகிய கெர்னல் நினைவகத்திலேயே வைத்துக்கொள்கின்றது. இருவர் ஒரே ஏட்டின் ஒரே வரியில் ஒருங்கே எழுதப் புகுந்தால் வரி சிதையும். அதைத் தடுக்கப் பூட்டு வேண்டும். பூட்டைப் பெற்ற கரு எழுதும். ஏனையவை காத்து நிற்கும். பல்கருக் கணிப்பொறியின் தொல்லை தொடங்குமிடம் இதுவே.

இக்காத்திருப்பு எத்துணை இழப்பைத் தரும் என்பதை ஜீன் அம்டால் என்னும் அறிஞர் 1967-இலேயே காட்டினார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவரே செய்யத்தக்கதாயின், எத்தனை பேரைச் சேர்த்தாலும் பத்து மடங்குக்கு மேல் விரைவு கிட்டாது. நாற்பத்தெட்டுக் கருக்களைப் பூட்டினாலும் கிடைப்பது ஏறத்தாழ 8.4 மடங்கே. மீதமுள்ள வலிமை, வரிசையில் நிற்பதில் கழியும்.

லினக்ஸ் இயக்க முறைமையின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1996-இல் வெளியான அதன் 2.0 பதிப்பு பல செயலிகளை ஒருங்கே ஆளக் கற்றுக்கொண்டது. அப்போது கெர்னல் முழுமைக்கும் ஒரே பெரும்பூட்டு. ஒரு செயலி உள்ளே இருந்தால் மற்றது வாயிலில் நிற்க வேண்டும். அதனைக் குறை கூறுவதற்கில்லை என்பது நம் கருத்து. இரண்டு செயலிகள் இருந்த காலத்தில், பிழையின்றி இயங்குவதே முதற்கடமை. பின்னர் அப்பெரும்பூட்டை உடைத்து, பகுதிக்கொரு சிறு பூட்டாக மாற்றி வந்தனர். அது முற்றாக நீங்கியது 2011-இல் வெளியான 2.6.39 பதிப்பில்தான். ஒரு பூட்டை அகற்றப் பதினைந்து ஆண்டுகள்!

இத்தனை காலம் இக்குறை பலர் கண்ணில் படாமைக்கும் காரணம் உண்டு. சுழலும் காந்தத் தட்டு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தன் முள்ளை நகர்த்தச் சில மில்லி நொடிகள் ஆகும். ஒரு நொடியில் அது நூறு, இருநூறு முறை இடம் மாறினாலே அரிது. அத்தாமதத்தின் முன் பூட்டின் தாமதம் ஒரு பொருட்டன்று. மின்சில்லுத் தட்டுகள் வந்து, நொடிக்கு இலட்சக்கணக்கான வேண்டுகோள்களை நிறைவேற்றத் தொடங்கிய பின்னரே, குற்றம் தட்டினிடத்து மட்டும் இல்லை என்பது புலனாயிற்று. தட்டுக்குச் செல்லும் வேண்டுகோள்களை ஒரே வரிசையில் நிறுத்தி வந்த லினக்ஸ், 2014-இல் வந்த 3.13 பதிப்பிலிருந்து கருவுக்கொரு வரிசை அமைக்க வழிசெய்தது.

ஏட்டையே பிரித்துவிடுவது மற்றொரு வழி. சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தார் 1993-இல் வகுக்கத் தொடங்கிய எக்ஸ்.எஃப்.எஸ். முறைமை, தட்டினைப் பல வட்டாரங்களாகப் பகுக்கின்றது. ஒவ்வொரு வட்டாரத்திற்கும் தனித்தனியே வெற்றிடக் கணக்கும் கோப்புக் கணக்கும் உண்டு. ஒரு கரு முதல் வட்டாரத்தில் இடம் தேடுகையில் மற்றொன்று ஐந்தாம் வட்டாரத்தில் தேடலாம். பல்கருச் சில்லுகள் பிறப்பதற்கு முன்பே, பல செயலி எந்திரங்களை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட ஏற்பாடு இது.

ஆயினும் நம்மை வியப்பில் ஆழ்த்தியது பூட்டன்று, வெறும் எண்ணிக்கை. இதனைச் சற்று நிதானமாகப் பார்த்தல் வேண்டும். ஒரு கோப்பைத் திறக்கும்போது கெர்னல் அதன் முகவரியில் உள்ள ஒவ்வொரு கோப்புறையாகக் கடந்து செல்கின்றது. தான் கடக்கும்போது எவரேனும் அக்கோப்புறைப் பதிவை நினைவகத்திலிருந்து நீக்கிவிடாதிருக்க, ‘ஒருவர் இங்குள்ளார்’ என்று அதன் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி, அகலும்போது ஒன்றைக் குறைக்கும். எல்லா முகவரிகளும் வேர்க் கோப்புறையில் தொடங்குபவை. ஆகவே, நூறு கருக்கள் நூறு வேறு கோப்புகளைப் படிக்க விழைந்தாலும், யாவும் வேரின் எண்ணிக்கையை மாற்றியே தீரவேண்டும்.

ஒன்றைக் கூட்டுவது என்ன பெரிய வேலை என்று தோன்றும். ஒவ்வொரு கருவும் தன் அருகில் ஒரு சிறு நினைவகத்தை வைத்திருக்கின்றது. அதில் நினைவகச் செய்தி 64 பைட்டுகள் கொண்ட துண்டுகளாக வந்து தங்கும். படிப்பது மட்டுமே ஆயின், எல்லாக் கருக்களும் ஒரே துண்டின் படிகளை வைத்துக்கொள்ளலாம், சண்டையில்லை. ஒரு கரு அதில் எழுத முற்பட்டாலோ, ஏனையோர் கையிலுள்ள படிகள் யாவும் செல்லாதனவாகும். துண்டு எழுதுபவரிடம் போய்ச் சேரவேண்டும். அடுத்தவர் எழுத, அது மீண்டும் பயணப்படும். ஒரே வருகைப் பதிவேட்டை நூறு வகுப்புகளுக்கும் சுமந்து திரியும் பணியாளர் நிலையை ஒத்தது இது. கோப்பை எவரும் மாற்றவில்லை, படிக்கத்தான் வந்தனர். எனினும் படிப்பதற்குப் போட்ட கணக்கே படிப்பைத் தடுத்தது.

இதனை நீக்க நிக் பிக்கின் என்பார் செய்த திருத்தம் 2011 மார்ச்சில் 2.6.38 பதிப்பில் வெளிவந்தது. கடந்து செல்பவர் எங்கும் எழுதுவதில்லை. கோப்புறைப் பதிவில் உள்ள திருத்த எண்ணைப் பார்த்துக்கொள்வார், வேண்டியதைப் படிப்பார், மீண்டும் திருத்த எண்ணைப் பார்ப்பார். மாறவில்லையெனின் படித்தது சரி. மாறியிருப்பின் பழைய முறைப்படி எண்ணிக்கையைக் கூட்டிச் செல்வார். நீக்கப்பட வேண்டிய பதிவும், அப்போது உள்ளே இருப்போர் யாவரும் அகலும் வரை அழிக்கப்படாது காக்கப்படும். சொல்ல எளிது, பிழையின்றிச் செய்வது மிகக் கடினம். வேகத்திற்கு இவ்வாறு நிரலாளரின் உழைப்பே விலையாகின்றது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2010-இல் நாற்பத்தெட்டுக் கருக்கள் கொண்ட எந்திரத்தில் ஏழு நிரல்களை இயக்கி ஆராய்ந்தனர். அவற்றுள் ஒன்றைத் தவிர ஏனைய ஆறும் லினக்ஸ் கெர்னலுக்குள் எங்கேனும் தடைபட்டன. எக்சிம் என்னும் அஞ்சல் நிரல், ஒவ்வொரு மடலுக்கும் சிறு சிறு கோப்புகளை உருவாக்கும். ஒரே கோப்புறையில் பல கருக்கள் கோப்பு உருவாக்க முனைந்ததால் அக்கோப்புறையின் பூட்டே தடையாயிற்று. அவ்வாய்வாளர் எண்ணிக்கைத் தொல்லைக்கும் ஒரு மருந்து கண்டனர். ஒவ்வொரு கருவும் மையக் கணக்கிலிருந்து சில எண்ணிக்கைகளை முன்கூட்டியே பெற்றுத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்; கையிருப்பு தீர்ந்தால் மட்டும் மையத்தை நாடும். கூட்டம் மிகுந்த விழாவில் உணவுச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பல மேசைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது போன்றது இது. மொத்தம் எத்தனை என்று துல்லியமாக அறியவேண்டின் எல்லா மேசைகளையும் கேட்கவேண்டும் என்பது இதன் குறை. அவர்கள் கெர்னலில் மாற்றியது மொத்தம் 3002 வரிகளே.

தமிழ் கற்பிக்கும் நம்மை இத்துறையின்பால் ஈர்த்தது அடுத்து வரும் செய்தியே. அதே கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் குழு 2013-இல் வேறொரு வினாவை எழுப்பியது. தடை நிரலில் உள்ளதா, நிரலுக்கு முன் எழுதப்பட்ட விதியின் சொல்லிலேயே உள்ளதா? யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில், ஒரு நிரல் கோப்பைத் திறந்தால் ஓர் எண் தரப்படும். பயன்படாதிருக்கும் எண்களுள் ‘மிகச் சிறிய’ எண்ணையே தரவேண்டும் என்பது விதி. ஒரே நிரலின் இரு பகுதிகள் ஒருங்கே இரு வேறு கோப்புகளைத் திறக்கின்றன என்க. அவற்றிடையே எவ்வுறவும் இல்லை. எனினும் எது முதலில் வந்தது என்று தீர்மானித்தாலன்றிச் சிறிய எண் யாருக்கு என்று சொல்ல இயலாது. ‘மிகச் சிறிய’ என்னும் அடையை நீக்கி ‘பயன்படாத ஓர் எண்’ என்று எழுதியிருப்பின், ஒவ்வொரு கருவும் தன் பங்கு எண்களைத் தானே வழங்கியிருக்கும். ஒற்றைக் கரு இருந்த நாளில் அவ்விதிக்குப் பயன் இருந்தது. இன்றும் பழைய நிரல்கள் அதை நம்பியே நிற்கின்றன. இரு செயல்களின் முன்பின் வரிசையை மாற்றினும் விடை மாறாதெனின், அவற்றைக் காத்திருப்பின்றி இயங்கச் செய்ய வழியுண்டு என்பதே அவர்கள் கண்ட நெறி. ஓர் அடைமொழி நூறு கருக்களை நிறுத்தி வைக்கும் என்பது, உரையாசிரியர்களைப் படித்த நமக்குப் புதிதன்று.

நம் துறைக்கு மீள்வோம். ஆராய்ந்து பார்த்ததில், படம் சுருக்கும் நிரல் ஒரு கருவை மட்டுமே பயன்படுத்தியமை தெரிந்தது. மூன்று கருக்கள் வாளாவிருந்தன. நிரலை நான்கு படிகளாக ஒருங்கே ஓட்டியபோது நான்கு மடங்கு கிட்டவில்லை. இரு மடங்கும் கிட்டவில்லை. பழைய காந்தத் தட்டு நால்வர் அழைப்புக்கும் முள்ளை அலைத்துக்கொண்டிருந்தது. நம் சிறு எந்திரத்தில் கெர்னல் பூட்டுகள் தடையாகும் அளவுக்குப் பணியில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பத்திரண்டு கருக்கள் வந்திருப்பின் முப்பத்தொன்று வரிசையில் நின்றிருக்கும்.

ஆதலின் எந்திரத்தை மாற்றவில்லை. மின்சில்லுத் தட்டு ஒன்றை மட்டும் வாங்கினோம். படங்களை ஆண்டுவாரியாகக் கோப்புறைகளில் பிரித்தோம். இது வேகத்தினும் ஒழுங்கிற்கே மிகுதியும் உதவிற்று. காலையில் தொடங்கும் வேலை இப்போது நண்பகல் இடைவேளைக்குள் முடிகின்றது. பெரியவர்கள் ஒதுக்கிய தொகையில் எஞ்சியதைக் கொண்டு, அதே படங்களின் இன்னொரு படியைக் காக்கத் தனித் தட்டு ஒன்றை வாங்கி நூலகரிடம் ஒப்படைத்துள்ளோம்.