கழற்றிப் பூட்டிய விமானம்

வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து மறுபடியும் பூட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகு பாயின் மேல் ஒரு திருகாணி மிச்சமிருக்கும். கடிகாரமோ அதைப் பற்றிச் சிறிதும் கவலைப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும். நாமும் அந்தத் திருகாணியை மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடுவோம். ஆகாய விமானத்தின் சமாசாரம் அப்படியன்று. அங்கே மிஞ்சுகிற ஒரு திருகாணிக்கு உயிரே விலையாகிவிடும்.

1908-ஆம் வருஷம் ஜூன் மாதம், பிரான்ஸ் தேசத்து லெ மான் நகரில், ஒரு மோட்டார் தொழிற்சாலைக்குள் அமெரிக்கரான வில்பர் ரைட் சில மரப் பெட்டிகளைத் திறந்தார். முந்திய வருஷம் அவருடைய தம்பி ஆர்வில் விமானத்தைத் துண்டு துண்டாகக் கட்டி அனுப்பிய பெட்டிகள் அவை. ஹாவ்ர் துறைமுகத்துச் சுங்கச் சாவடியில் மாதக் கணக்கில் கிடந்தவை. உள்ளே பார்த்தால், இறக்கையின் விலாச் சட்டங்கள் பல முறிந்திருந்தன, துணி கிழிந்திருந்தது, ரேடியேட்டர்கள் நசுங்கியிருந்தன. "பெட்டி கட்டவும் தெரியவில்லையா?" என்கிற தோரணையில் வில்பர் தம்பிக்குக் கடுமையாகக் கடிதம் எழுதிவிட்டார். பாவம், தம்பியின் பேரில் குற்றமில்லை! சுங்க அதிகாரிகள் பெட்டிகளைக் கிளறிப் போட்ட அலங்கோலம் அது என்பது பின்னால்தான் தெரிய வந்தது.

தொழிற்சாலையில் உதவிக்கு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பேசியது பிரெஞ்சு. இவர் பேசியது ஆங்கிலம். ஆகவே பெரும்பாலான வேலையை வில்பர் தாமே செய்தார். ஜூலை 4-ந் தேதி எஞ்சினை ஓட்டிப் பார்க்கையில் ரேடியேட்டர் குழாய் கழன்று, கொதிக்கும் நீர் பாய்ந்து இடது கை வெந்துவிட்டது. 'இந்த மனிதர் பறக்கத்தான் போகிறாரா?' என்று ஊரார் சந்தேகித்தார்கள். அவர் அவசரப்படவில்லை. ஆகஸ்டு 8-ந் தேதி மாலை, ஊருக்கு வெளியே குதிரைப் பந்தய மைதானத்தில், 1 நிமிஷம் 45 விநாடி பறந்து பத்திரமாக இறங்கினார்.

பிற்காலத்துச் சிறு விமானங்களைக் கழற்றுவது அவ்வளவு பிரயாசையன்று. நமது தேசத்து விமானக் கழகங்களில் எத்தனையோ பேருக்குப் பறக்கக் கற்றுக் கொடுத்த டைகர் மாத் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1931-ல் முதன் முதலாகப் பறந்த ஜாதி அது. மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய நான்கு இறக்கைகள். அவற்றை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள். முதலில் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். கம்பிகளைத் தளர்த்துமுன் இறக்கைக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்து இறக்கைகளை எடுத்துவிட்டு மறு பக்கத்தை அப்படியே விட்டால், தராசுத் தட்டைப் போல விமானம் சாய்ந்துவிடும். ஒவ்வொரு கம்பியிலும் அது எந்த இடத்துக்கு உரியது என்று சீட்டுக் கட்டுவது அவசியம். கம்பியைத் திருகினால் நீளம் மாறும். நீளம் மாறினால் இறக்கையின் கோணம் மாறும். அதனால்தான் மறுபடி பூட்டும்போது வாலைத் தூக்கி, பறக்கும் நிலையில் விமானத்தை நிறுத்தி, ரசமட்டமும் தூக்குக் குண்டும் வைத்து அளக்கிறார்கள். மரை கழன்றுவிடாமல் குறுக்கே செருகி முனையை விரித்துவிடும் ஊசிகளைப் புதிதாகவே போட வேண்டும். ஒரு தடவை வளைத்து நிமிர்த்திய ஊசி குப்பைக்குத்தான்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் ஒரு தவறு ஒளிந்திருக்கலாம். 1947-ஆம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி இங்கிலாந்தில் உட்ஃபோர்டு விமான நிலையத்தில் நடந்தது அது. டியூடர் என்ற பெரிய விமானம், சிறு விமானமன்று. ஆனால் பிசகு எந்த விமானத்துக்கும் பொதுவானது. இரவு பழுது பார்த்தபோது, இறக்கையின் பின்னோரத்துச் சிறு பலகைகளை அசைக்கும் கம்பி வடங்களை இடம் வலமாக மாற்றிப் பூட்டிவிட்டார்கள். விமானி வலப்புறம் சாய்க்க நினைத்தால் அது இடப்புறம் சாயும். நிமிர்த்த முயன்றால் இன்னும் சாயும். தரையை விட்டு எழும்பிய சற்றைக்கெல்லாம் விமானம் விழுந்து நொறுங்கியது. பிரதம விமானி பில் தார்ன் இறந்தார். லங்காஸ்டர் விமானத்தைச் சிருஷ்டித்த ராய் சாட்விக்கும் அதிலேயே உயிர் நீத்தார். தாம் வடிவமைத்த விமானத்தில்!

இதைக் கண்டுபிடிக்க யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. விமானியின் ஆசனத்தில் உட்கார்ந்து, கட்டை விரல் மேல் நோக்கி நிற்கும்படி கைப்பிடித் தண்டைப் பிடித்து, வலப்புறம் சாய்க்க வேண்டும். கட்டை விரல் எந்த இறக்கையின் பக்கம் சாய்கிறதோ, அந்த இறக்கையின் பலகை மேலே எழும்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பூட்டியவரே பார்த்தால் போதாது. எழுதியவரே புரூப் திருத்தினால் பிழை போகாது என்பது பத்திரிகை ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி! பிரிட்டனிலும் இந்தியாவிலும், விமானத்தைச் செலுத்தும் உறுப்புகளில் கை வைத்துவிட்டால், தகுதி பெற்ற இருவர் தனித்தனியே சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி இருக்கிறது. இரண்டாவது கையெழுத்து விழும் வரை அந்த விமானம் பறக்கலாகாது. விழுந்த பிறகும், முதல் தடவை பிரயாணி யாரையும் ஏற்றாமல் விமானி மட்டும் ஏறிச் சென்று, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவதே நல்ல வழக்கம்.