அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை தகராறு செய்கிறதா?

நேற்று இரவு வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி. காலையில் திறந்தால், அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று கால் மணி நேரம் வட்டம் சுற்றுகிறது. ஒருவழியாகத் திறந்தபின் எல்லாம் பழையபடி இருப்பதுபோலவே தெரிகிறது. ஆனால் அன்று முதல் வைஃபை பத்து நிமிடம் இருக்கிறது, இரண்டு நிமிடம் காணாமல் போகிறது. பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு பாதியில் அறுகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் சவூதியிலிருந்து வாப்பா பேசும்போது படம் உறைந்து நிற்கிறது. வீட்டில் முதலில் திட்டு வாங்குவது இணைய இணைப்பு கொடுத்த நிறுவனம், அடுத்தது ரவுட்டர், கடைசியில் 'நீதான் எதையோ தட்டிவிட்டாய்' என்று பிள்ளை.

அப்டேட் நடந்த மறுநாளே தொல்லை தொடங்கியிருந்தால், பெரும்பாலும் இந்த மூவர் மீதும் தவறு இருக்காது. கணினிக்குள் இருக்கும் வைஃபை சிப்பை இன்டெல், ரியல்டெக், மீடியாடெக் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. விண்டோஸை மைக்ரோசாஃப்ட் செய்கிறது. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குத் தெரியாது. இடையில் மொழிபெயர்ப்பாளராக நிற்கும் சிறிய மென்பொருளைத்தான் டிரைவர் என்கிறோம். அப்டேட் வரும்போது விண்டோஸ் மாறலாம், டிரைவர் மாறலாம், சில நேரம் இரண்டுமே மாறலாம். புதியவருக்கும் பழையவருக்கும் பேச்சு ஒத்துப்போகாவிட்டால் அடிபடுவது நம் வைஃபைதான்.

இது நம் வீட்டில் மட்டும் நடப்பதும் அல்ல. 2022 ஜூன் மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, கணினியில் ஹாட்ஸ்பாட் போட்டு வேறு கருவியை இணைத்தால் கணினியின் இணையமே துண்டித்துப்போனது. 2023 டிசம்பரில் வந்த விண்டோஸ் 11 அப்டேட், பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் வைஃபை இணைப்பைக் கெடுத்தது. இரண்டையும் மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு பின்னர் சரிசெய்தது. ஆகவே கணினியே கெட்டுவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று முடிவெடுக்க அவசரப்பட வேண்டாம்.

முதலில் கோளாறு கணினியிலா, ரவுட்டரிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கணினியில் இணைப்பு அறுந்த அதே நேரத்தில், அதே இடத்தில் கைபேசியை வைத்து, அதே வைஃபையில் ஒரு வீடியோவை ஓட விடுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்ப்பது முக்கியம். இல்லாவிட்டால் கைபேசி தானாக டேட்டாவுக்கு மாறி நம்மை ஏமாற்றிவிடும். கைபேசியிலும் நின்றால் ரவுட்டரிலோ லைனிலோதான் கோளாறு. அப்டேட் வந்தது தற்செயல். கைபேசியில் ஓடினால், அதில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கணினியை அதனுடன் இணைத்துப் பாருங்கள். அதிலும் அறுந்தால் சந்தேகமே இல்லை, கணினிதான்.

அடுத்தது, என்ன மாறியது என்று பார்ப்பது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போனால் அப்டேட் ஹிஸ்டரி என்று ஒரு பட்டியல் இருக்கும். எந்தத் தேதியில் எது வந்தது என்பது அதில் தெரியும். டிரைவர் அப்டேட்டுகள் அங்கே தனித் தலைப்பில் இருக்கும். தொல்லை தொடங்கிய நாளுக்கு முன்பு வைஃபை அல்லது வயர்லெஸ் என்ற பெயரோடு டிரைவர் ஏதாவது வந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பலர் இந்தப் பட்டியலைத் திறப்பதே இல்லை. நேரே ரவுட்டரை ரீசெட் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, வீட்டிலுள்ள எல்லாக் கைபேசியிலும் மறுபடி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'தினமும் அணைத்துத்தானே போடுகிறோம்?' என்று கேட்கலாம். அணைப்பதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி தன் உள்நிலையைக் குறித்து வைத்துக்கொண்டு தூங்கி, மறுநாள் அதிலிருந்தே எழும். டிரைவரில் சிக்கல் இருந்தால் அந்தச் சிக்கலோடேயே எழும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். 2016 டிசம்பரில் பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளில் பல விண்டோஸ் கணினிகள் இணையத்தில் சேர முடியாமல் திணறியபோது, மைக்ரோசாஃப்ட் சொன்ன முதல் யோசனையே, ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்பதுதான்.

அதற்கும் மசியவில்லை என்றால் டிரைவரைப் பார்க்கலாம். விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் டிவைஸ் மேனேஜர், அதற்குள் நெட்வொர்க் அடாப்டர்ஸ். அங்கே வைஃபை அல்லது வயர்லெஸ் என்று பெயருள்ளதன் மீது இரண்டு முறை தட்டி, டிரைவர் என்ற பகுதிக்குப் போங்கள். டிரைவரின் தேதியும் பதிப்பு எண்ணும் அங்கே இருக்கும். எதையும் தொடும் முன் அதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் இருக்கிறது. அப்டேட்டுக்கு முன்பிருந்த டிரைவரை அது திரும்பக் கொண்டுவந்துவிடும். ஏன் திரும்புகிறீர்கள் என்று காரணம் கேட்கும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். பிறகு மீண்டும் ரீஸ்டார்ட்.

அந்தப் பொத்தான் மங்கலாகத் தெரிந்து, அழுத்த முடியாமல் இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை என்று அர்த்தம். அப்போது பக்கத்திலுள்ள 'அப்டேட் டிரைவர்' வழியாகப் போய், இணையத்தில் தேடச் சொல்லாமல் கணினியிலேயே தேடும் வழியை எடுத்து, இருக்கும் டிரைவர்களின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். வேறு தேதியில் ஒன்று இருந்தால் அதைப் போட்டுப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் மடிக்கணினி நிறுவனத்தின் தளத்துக்கே செல்லுங்கள். டெல், எச்பி, லெனோவோ எதுவானாலும் கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையோ வரிசை எண்ணையோ கொடுத்தால், அதற்குரிய டிரைவர்கள் இலவசமாகவே கிடைக்கும்.

இணையமே இல்லாத கணினியில் எப்படிப் பதிவிறக்குவது? ஆண்ட்ராய்டு கைபேசியைச் சார்ஜர் கேபிளால் கணினியில் செருகி, கைபேசி செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்'கை இயக்குங்கள். வெறும் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். கணினியின் வைஃபை செத்துக் கிடந்தாலும் கேபிள் வழியே இணையம் வந்துவிடும். அவசரமான நேர்காணல், தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள் என்றால் பழுது பார்ப்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, இதை வைத்தே காரியத்தை முடித்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'வைஃபை டிரைவர்' என்று தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் விளம்பரங்களும் இருக்கும். 'உங்கள் கணினியில் இத்தனை டிரைவர்கள் பழையதாகிவிட்டன' என்று பயம் காட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்கள் அவற்றில் அடக்கம். அவை எதுவும் நமக்குத் தேவையில்லை. அதைவிட மோசம், திரையில் தொலைபேசி எண்ணைக் காட்டி மைக்ரோசாஃப்டைக் கூப்பிடுங்கள் என்று வரும் எச்சரிக்கைகள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. அவர்களாக யாரையும் அழைத்து, கணினியைச் சரிசெய்கிறேன் என்று சொல்வதுமில்லை. அப்படி அழைப்பவர் கேட்டார் என்று கணினியை அவர் கையில் ஒப்படைக்கும் செயலியை நிறுவினால், வைஃபை திரும்பக் கிடைக்கிறதோ இல்லையோ, வங்கிக் கணக்கு காலியாகலாம். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை நெட் பேங்கிங்கில் பார்க்கும் வீட்டுப் பெரியவர்களிடம் இதை ஒருமுறை சொல்லி வையுங்கள்.

சில வீடுகளில் இணைப்பு எப்போதும் அறுவதில்லை. கணினியைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ மட்டும் அறுகிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் மின்சிக்கனம். டிவைஸ் மேனேஜரில் அதே வைஃபை அடாப்டரில் 'பவர் மேனேஜ்மென்ட்' என்ற பகுதி இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியைக் கணினி அணைத்துக்கொள்ளலாம் என்ற வரியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். முன்பே எடுத்திருந்தாலும், புதிய டிரைவர் வந்தால் அது மறுபடி முளைத்திருக்கக்கூடும். புதுவகை மடிக்கணினிகள் பலவற்றில் இந்தப் பகுதியே இருக்காது. அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

வைஃபை என்ற சொல்லே செட்டிங்ஸிலிருந்து மறைந்துபோவது வேறு வகை. மஞ்சள் ஆச்சரியக்குறியுடன் அடாப்டர் நிற்கலாம், அல்லது பட்டியலிலேயே இல்லாமல் போகலாம். முதலில் ஏரோப்ளேன் மோட் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் கை பட்டு விழுவதுண்டு. இல்லையென்றால் ஷிஃப்ட் பொத்தானை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். அப்படிச் செய்தால் முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு இயக்குங்கள். கேட்பதற்கு மந்திரம்போல் இருந்தாலும் மடிக்கணினிகளில் இது பல நேரம் பலிக்கிறது.

வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டும், ஆனால் இணையம் வராது என்றால் முதல் சந்தேகம் விபிஎன் மீதும், தனியாகப் போட்ட ஆன்டிவைரஸ் மீதும் விழ வேண்டும். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்களின் மடிக்கணினியில் விபிஎன் இருப்பது சகஜம். அப்டேட்டுக்குப் பிறகு அது பாதி வேலை செய்து வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

வேகம் மட்டும் குறைந்திருந்தால் அலைவரிசையைக் கவனியுங்கள். இப்போதைய ரவுட்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டில் ஒலிபரப்புகின்றன. முதலாவது சுவர் தாண்டி வரும், ஆனால் பக்கத்து வீட்டு ரவுட்டர், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதில் குறுக்கிடும். இரண்டாவது வேகமானது, ஆனால் இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். அப்டேட்டுக்குப் பின் கணினி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருக்கலாம். யுஎஸ்பி 3.0 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் குழப்பக்கூடும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் எழுதியது. வெளி ஹார்டு டிஸ்க் செருகியிருக்கும்போது மட்டும் வைஃபை தள்ளாடினால், பாவம், அப்டேட்டைத் திட்டாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாள் விட்டுப் பார்ப்பது நல்லது. ஒரே மூச்சில் ஐந்தை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எதுவும் பலிக்காதபோது மட்டும் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் உள்ள 'நெட்வொர்க் ரீசெட்'. அது சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் அழித்துவிடும். பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

டிரைவர் வரவில்லை, விண்டோஸ் அப்டேட்தான் காரணம் என்று தெரிந்தால், அப்டேட் ஹிஸ்டரியின் அடியிலேயே அதை நீக்கும் வழியும் இருக்கிறது. நீக்கியதும், பழைய டிரைவருக்குத் திரும்பியதும் அதே அப்டேட் மறுபடி தானாக வந்து உட்காரலாம். எனவே அப்டேட்டை ஒரு சில வாரங்கள் நிறுத்தி வையுங்கள். விண்டோஸ் 11-ல் 5 வாரம் வரை நிறுத்தலாம். அதற்குள் பெரும்பாலும் திருத்தம் வந்துவிடும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று அப்டேட்டை ஒரேயடியாக முடக்கித் தருகிறோம் என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. நாம் அதற்கு உடன்பட மாட்டோம். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனில் மருத்துவமனைகளே சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின. வைஃபை அறுந்தால் ஒரு வகுப்பு போகும். அப்டேட் இல்லாமல் மாட்டினால் பிள்ளைகளின் சிறுவயதுப் படங்கள் உட்பட எல்லாமே போகும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இடம் மாறாத மேசைக் கணினியாக இருந்தால், ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுவதே எங்கள் விருப்பம். கேபிளுக்கு வழியில்லை, உள்ளே இருக்கும் வைஃபை சிப்புக்கோ வயதாகிவிட்டது, புது டிரைவரும் வருவதில்லை என்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருகலாம். 5 கிகாஹெர்ட்ஸும் எடுக்கிறதா, நம் விண்டோஸுக்குப் பொருந்துமா என்று அட்டைப்பெட்டியில் பார்த்து வாங்குங்கள். கணினியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டிச் செருகாமல், ஒரு சிறு நீட்டிப்புக் கேபிளில் மேசைமீது வைத்தால் சிக்னல் இன்னும் நன்றாக எடுக்கும்.